மஞ்சள் அட்டை மலேரியாவைத் தடுக்காது

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட்டோடு, ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையும் பைக்குள் பத்திரமாகப் போய்விடுகிறது. லாகோஸுக்குக் கிளம்பிய நண்பரிடம், “மலேரியாவுக்கு என்ன ஏற்பாடு?” என்று கேட்டேன். “அதான் ஊசி போட்டாச்சே!” என்றார்.

அந்த ஊசிக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமே இல்லை. மஞ்சள் காய்ச்சல் வைரஸால் வருவது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு பரப்புவது. மலேரியாவுக்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. அதைச் சுமந்து வரும் பெண் அனாபிலிஸ், அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். மலேரியாவுக்கும் தடுப்பூசிகள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால், அவை நோய் பரவும் நாடுகளில் வாழும் குழந்தைகளுக்கானவை. பயணிகளுக்கு மாத்திரை, கொசுவலை, மேலே பூசும் கொசுவிரட்டி, ராத்திரியில் முழுக்கைச் சட்டை - இவ்வளவுதான்.

“சென்னையில் பார்க்காத மலேரியாவா?” என்பவர்களும் உண்டு. சென்னையில் அதிகம் வருவது விவாக்ஸ் வகை. ஆளை வாட்டி எடுக்கும். உயிரைப் பறிப்பது அபூர்வம். சகாராவுக்குத் தெற்கே கோலோச்சும் ஃபால்சிபரம் வேறு ரகம். அது புகுந்த சிவப்பணுக்கள் மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் உள்ள நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளிலேயே நிலைமை கைமீறலாம். அங்கேயே வளர்ந்தவர்களுக்கு, திரும்பத் திரும்பத் தொற்றியதில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். நமக்கு அது கிடையாது. மலேரியா மாத்திரையான குளோரோகுயினை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவதும் வீண். ஆப்பிரிக்க ஃபால்சிபரம் அதற்கு எப்போதோ பழகிவிட்டது.

சரியான மாத்திரையோடு போகிறவர்களும் கோட்டைவிடும் ஓர் இடம் இருக்கிறது: ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவது. கொசு கடித்த கொஞ்ச நேரத்திலேயே ஒட்டுண்ணி கல்லீரலுக்குள் புகுந்துவிடுகிறது. அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ சத்தமில்லாமல் பெருகிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. தடுப்பு மாத்திரைகளான டாக்சிசைக்ளின், மெஃப்ளோகுயின் இரண்டும் ரத்தத்துக்கு வந்தவற்றைத்தான் கொல்லும். கடைசி நாள் இரவு, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கொசு கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கத்தில் நீங்கள் இறங்கும்போது அது விட்ட ஒட்டுண்ணி கல்லீரலில் பதுங்கியிருக்கும். அது வெளியே வரும் நாளில் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் திரும்பிய பிறகும் 4 வாரம் தொடரச் சொல்கிறார்கள். அடோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரை கல்லீரலிலேயே கைவைப்பதால் 7 நாள் போதும்.

எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் டாக்சிசைக்ளின் ஆகாது. மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் கூடாது. மெஃப்ளோகுயினைப் பயணத்துக்கு 2, 3 வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்பதால், டிக்கெட் எடுத்த கையோடு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மாத்திரை தவறாமல் விழுங்கியவர்களுக்கும் எப்போதாவது நோய் வரும். அப்போது அதைச் சட்டென்று கண்டுபிடிப்பதும் எளிதல்ல. உதாரணத்துக்கு, இலங்கையில் 2012உடன் உள்ளூர் மலேரியா ஒழிந்துவிட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றிதழே கொடுத்துவிட்டது. ஆனாலும் மடகாஸ்கருக்கு ரத்தினக்கல் வாங்கப் போனவர்கள் மலேரியாவை உடம்போடு கொண்டு திரும்பியிருக்கிறார்கள். ஊரில் இல்லாத நோய் மருத்துவருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. டெங்குவா, டைஃபாய்டா என்று தேடுவதிலேயே நாள் போய்விடும்.

ஆகவே, திரும்பி வந்த ஓராண்டுக்குள், குறிப்பாக முதல் 3 மாதங்களில், காய்ச்சல் அடித்தால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது போய்வந்த நாட்டின் பெயர். அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ‘இல்லை’ என்று முடிவு வந்தும் காய்ச்சல் விடவில்லையா? மறுநாளும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பரிசோதனையில் ஒட்டுண்ணி சிக்காமல் போவதுண்டு.