மலையடிவாரக் காய்ச்சலும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் காய்ச்சல் காலம் தொடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் இது. வயலும் தென்னந்தோப்பும் புதரும் ஓடையும் ஊரை ஒட்டியே கிடக்கின்றன. டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், சில நாளில் தானாகப் போய்விடுகிற வைரஸ் காய்ச்சல் எல்லாம் ஒரே பருவத்தில் வருகின்றன. முதல் மூன்று நாள் எல்லாமே ஒன்றுபோல இருக்கும்: காய்ச்சல், தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி உடம்புவலி. மில் ஷிப்டுக்குப் போக வேண்டியவரும், தறியை நிறுத்திவிட்டு வந்தவரும், நாற்று நட ஆள் சொல்லி வைத்தவரும் டாக்டரிடம் கேட்பது ஒன்றுதான்: "ஒரு ஊசி போட்டு விட்ருங்க சார்."

அந்தக் கோரிக்கையில் தவறு காண எனக்கு மனம் வருவதில்லை. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆனால் போடப்படுவது எந்த ஊசி, எதற்காக, எப்படிப் போடுகிறார்கள் என்பதை நோயாளியும் கூட வந்தவரும் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இன்று நம் மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் ஊசி ஆன்டிபயாடிக்குகளில் ஒன்றான செஃப்ட்ரியாக்ஸோனுக்கு இது மிகவும் பொருந்தும்.

எந்த ஊசி இது?

சிறு கண்ணாடிக் குப்பியில் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும் பொடி. 250 மில்லிகிராம், 500 மில்லிகிராம், 1 கிராம் என்று வரும். பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன; அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

இதன் மூதாதை ஒரு பூஞ்சை. 1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி நகரத்தின் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் ஜுசெப்பே ப்ரோட்சு என்ற மருத்துவர் அதைக் கண்டெடுத்தார். அதிலிருந்து பிறந்த செஃபலோஸ்போரின் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை மருந்துதான் செஃப்ட்ரியாக்ஸோன். 1980-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. கிருமி தன் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதைக் கொல்வது இதன் வேலை. உடம்பில் வெகுநேரம் தங்குவதால் பெரும்பாலான நோய்களுக்கு நாளைக்கு ஒரு வேளை போதும். கடுமையான நிமோனியா, மூளைக்காய்ச்சல், டைபாய்டு, சிறுநீரகம் வரை ஏறிய தொற்று, ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று ஆகியவற்றில் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து.

அதனாலேயே உலக சுகாதார நிறுவனம் இதைக் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் பிரிவில் வைத்திருக்கிறது. நம் நாட்டில் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்1 அட்டவணையிலும் இது உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கக் கூடாது. சீட்டைப் பார்த்துக் கொடுக்கும்போதும் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "போன தடவை இதுதான் போட்டாங்க, அதே குடுங்க" என்று காலிக் குப்பியைக் காட்டி வாங்குவது சட்டப்படியும் தவறு, உடம்புக்கும் ஆபத்து.

எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது

வைரஸ் காய்ச்சல் எதற்கும் இது கேட்காது. டெங்குவுக்குக் கேட்காது. சளி, தொண்டைக் கரகரப்புக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. இதெல்லாம் ஓரளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் அடிவாரத்துக்கு இன்னொரு செய்தி முக்கியம். அதை வீடு வீடாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது: உண்ணிக்காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் கேட்காது.

ஸ்க்ரப் டைஃபஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய், புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர்மாதங்களிலும் தென்னிந்தியாவில் அதிகம். இதன் கிருமி நம் உடலின் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. செஃப்ட்ரியாக்ஸோன் தாக்குகிற வகைச் சுவர் அதற்கு இல்லை. எனவே ஐந்து நாள் ஊசி போட்டாலும் காய்ச்சல் இறங்காது. அந்த ஐந்து நாளில் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை நோய் போய்விடக்கூடும். இத்தனைக்கும் இதற்குரிய மருந்து மிக மலிவானது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். ஆரம்பத்தில் மாத்திரையே போதும். பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். முற்றிய நோய்க்கு இவ்விரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், தொப்புள், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம் என்று மறைவான இடங்களில்தான் இருக்கும். எல்லோருக்கும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் நான்கு நாளைத் தாண்டினால், குளிப்பாட்டும்போதோ துணி மாற்றும்போதோ இந்த இடங்களைப் பாருங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: தோப்புக்குக் களை எடுக்கப் போனேன், விறகு பொறுக்கப் போனேன், அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறி இறங்கினேன், ஆடு மேய்த்தேன் என்று. இந்த ஒரு வாக்கியம் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும்.

எலிக்காய்ச்சலுக்கோ செஃப்ட்ரியாக்ஸோன் நன்றாகவே கேட்கும். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலோடு கண் சிவந்து கெண்டைக்கால் வலித்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஊசிக்கு முன் ரத்தம்

ஒரே ஒரு வைடால் பரிசோதனையை வைத்து "டைபாய்டு பாசிட்டிவ்" என்று முடிவு கட்டும் வழக்கம் சிற்றூர்களில் இன்னும் இருக்கிறது. முன்பு எப்போதோ வந்த டைபாய்டும், வேறு காய்ச்சல்களும்கூட அதில் பாசிட்டிவ் காட்டக்கூடும். நம்பகமானது ரத்த கல்ச்சர். ரத்தத்தை எடுத்து, கிருமி வளர்கிறதா, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பது. இதற்கு ரத்தம் எடுக்க வேண்டியது ஆன்டிபயாடிக்கின் முதல் டோசுக்கு முன்பு. ஊசி போட்டபின் எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். "ஊசி போடுறதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கணுமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்பதில் குற்றமில்லை. இதற்கு வெகுதூரம் போகவும் வேண்டாம்; நம் மாவட்டத் தலைநகர் விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனால் மூளைக்காய்ச்சலோ ரத்தத்தில் பரவிய தொற்றோ என்று டாக்டர் சந்தேகித்தால் சோதனைக்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

நரம்பிலா, சதையிலா

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒவ்வாமை பற்றி. பென்சிலின், அமாக்ஸிசிலின், செஃபிக்சிம் என்று எந்த ஆன்டிபயாடிக்காவது முன்பு மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தடிப்போ உண்டாக்கியிருந்தால் ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் செஃப்ட்ரியாக்ஸோனும் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதில்லை; வெகு சிலருக்கே அப்படி ஆகிறது. ஆனால் அதை முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர். கல்லீரலும் சிறுநீரகமும் சேர்ந்து பழுதானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் அதையும் சொல்ல வேண்டும்.

சதையில் போட்டால் இந்த மருந்து நன்றாக வலிக்கும். வலி தெரியாமலிருக்க லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தில் பொடியைக் கரைப்பார்கள். அப்படிக் கரைத்த மருந்து சதைக்கு மட்டும்தான். நரம்பில் ஒருபோதும் ஏறக் கூடாது, இதயத்துடிப்பு தடுமாறும். இடுப்பில் ஒரு பக்கத்துக்கு 1 கிராமுக்கு மேல் போடுவதில்லை. நரம்பில் போடுவதானால் இரண்டு முதல் நான்கு நிமிடம் எடுத்து மெல்லச் செலுத்த வேண்டும், அல்லது சலைனில் கலந்து அரை மணி நேரம் ஏற்ற வேண்டும். கூட்டம் நிற்கிறது என்று ஒரே அழுத்தாக அழுத்துவது சரியல்ல.

ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் அது என்ன பாட்டில் என்று பாருங்கள். ஆர்.எல். எனப்படும் ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருக்கிறது. செஃப்ட்ரியாக்ஸோன் அதோடு சேர்ந்தால் வெள்ளை மணல்போல் படிந்துவிடும். பச்சிளங் குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இப்படிப் படிந்து இறப்புகள் நேர்ந்ததால்தான் 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கால்சியம் ஏறுகிறது என்றால் இந்த ஊசியே கூடாது; மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங் குழந்தைக்கும் கூடாது. பெரியவர்களுக்கு, குழாயைச் சலைனால் நன்றாகக் கழுவிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம்.

ஊசியும் சிரிஞ்சும் உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு தழுவி நடந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் போடப்படும் ஊசிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பற்றவை என்று கண்டது. 2009-ல் குஜராத்தின் மோடாசாவில், ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்கும் போட்டதால் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். படிக்காமல் வீட்டுத் திண்ணையில் ஊசி போடுபவரிடம் இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் வாழ்நாள் முழுதும் கல்லீரலுக்கு மருந்து சாப்பிட வேண்டாம்.

ஒத்துக்கொள்ளாமல் போனால்

கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்துக்குள் வரும். அதனால் ஊசி போட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அங்கேயே உட்காருங்கள். உள்ளங்கை அரிப்பு, உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், தொண்டை அடைப்பு, மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றி மயக்கம் என்று எது வந்தாலும் உடனே கத்திக் கூப்பிடுங்கள். டெஸ்ட் டோஸ் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் அல்ல.

இந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறச் சதையில், முதல் வேலையாக. ஏவில் போன்ற அரிப்பு மருந்தும் ஸ்டீராய்டும் அதற்குப் பிறகுதான். அட்ரினலின் இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் ஊசி போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மயங்கியவரை எழுப்பி உட்காரவைக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் சாய்ந்து உட்கார விடலாம். சிறிய இடமென்றால் உடனே 108-ஐ அழையுங்கள். பிழைத்தபின், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி முடிந்த நாட்களில் தண்ணீராகப் பேதி, ரத்தம் கலந்த பேதி, வலது விலாவுக்குக் கீழே வலி, புத்தி தடுமாற்றம் ஆகியவை வந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். கையில் குத்திய ஊசிக்குழாய் இருக்கும் இடம் சிவந்து வலித்தால் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் டாக்டரை மாற்றுவது

டைபாய்டுக்குச் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் இறங்க நான்கு முதல் ஆறு நாள் பிடிக்கும். இதைத் தெரியாமல்தான் பலர் மூன்றாம் நாள் வேறு டாக்டரைத் தேடிப் போகிறார்கள். அவர் இன்னும் கனமான ஆன்டிபயாடிக்கை எழுத நேர்கிறது. வேறு சிலர் காய்ச்சல் விட்டதும் மீதி ஊசியைக் கைவிடுகிறார்கள். எத்தனை நாள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றாகச் சாப்பிடத் தொடங்கியபின் மாத்திரைக்கு மாறலாமா என்றும் கேளுங்கள். பல நோய்களில் மாறலாம்.

2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் செஃப்ட்ரியாக்ஸோனுக்கே சாகாத டைபாய்டு கிளம்பி ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்தது. மருத்துவர்கள் கையில் மிஞ்சியவை ஓரிரு மருந்துகளே. இந்தியாவில் டைபாய்டுக்கு இந்த ஊசி இன்னும் பெரும்பாலும் கேட்கிறது. ராஜபாளையத்தில் அடுத்த மழைக்காலத்தில் டைபாய்டு வரப்போகும் குழந்தைக்கும் அது கேட்க வேண்டும்.

மாட்டுக்கும் இதே மருந்து

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைப் பேசாமல் விட முடியாது. பால் வளத்தால் வாழும் ஊர்; அதன் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. கறவை மாட்டுக்கு மடிநோய் வந்தால் செஃப்ட்ரியாக்ஸோன் உட்படப் பல ஆன்டிபயாடிக்குகள் போடப்படுகின்றன. அவற்றின் மிச்சம் சில நாள் பாலில் வரும். காய்ச்சிச் சுண்டவைத்தால் முழுதும் அழிந்துவிடும் என்று நம்பக் கூடாது. ஊசி போட்ட கால்நடை மருத்துவரிடம் எத்தனை நாள் பாலை ஊற்றக் கூடாது என்று கேட்டு, அத்தனை நாளும் அந்த மாட்டின் பாலைத் தனியே கறந்து கொட்டிவிட வேண்டும். அது நஷ்டம்தான். கறக்கும் முன்னும் பின்னும் காம்பைக் கழுவி, தொழுவத்தை உலர்வாக வைத்து, முதல் பீரைக் கறுப்புத் துணியில் பீய்ச்சித் திரி இருக்கிறதா என்று பார்த்து வந்தால், மடிநோயை முன்கூட்டியே பிடித்து அந்த நஷ்டத்தைப் பெருமளவு தவிர்க்கலாம்.