திம்பம் மலையும் ஒரு வாட்டர் பம்பும்

மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குச் சொந்த ஊர் ஈரோடு, கோபி, கோவை ஆகிய பக்கங்களில் இருக்கிறது. மைசூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையோ சாமராஜநகரத்தோடு நின்றுவிடுகிறது. அதனைச் சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையம்வரை நீட்டவேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. பாதைதான் இன்னும் வந்தபாடில்லை. ஆகவே, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நானே ஊருக்குச் செல்ல மோட்டார் வண்டியை நம்பவேண்டியிருக்கிறது. அன்பர்கள் இதைக் கேட்டு நகைக்கலாம், உண்மை அதுதான்.

எங்கள் வண்டி என் தந்தையார் விட்டுச்சென்ற பழைய அம்பாஸிடர். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உடையது. அம்பாஸிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் இவ்வண்டியை விற்க எனக்கு மனம் வரவில்லை.

சென்ற பங்குனியில் தாயாரையும் மனைவியையும் சிறு மகளையும் அழைத்துக்கொண்டு பண்ணாரியம்மன் தரிசனத்திற்குப் புறப்பட்டேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வண்டி நின்ற இடத்தில் நாள்தோறும் ஓர் உள்ளங்கை அகலத்திற்கு ஈரம் காணப்பட்டது. நான் காலையில் ரேடியேட்டரில் ஒரு செம்பு நீரை ஊற்றுவேன். அத்துடன் அதை மறந்துவிடுவேன். போகும்போது திம்பம் மலையில் இறக்கமாதலால் குறை வெளிப்படவில்லை. திரும்பும்போது இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளையும் ஏறவேண்டும். பாதி மலை ஏறுவதற்குள் வெப்பமுள் எல்லையைத் தாண்டியது. முன்மூடியின் இடுக்கிலிருந்து ஆவி சீறிற்று.

மாலை ஐந்து மணி. சுற்றிலும் புலிகள் காப்பகக் காடு. அச்சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்திற்குக் கட்டுப்பாடும் உண்டு. பதற்றத்தில் துணியொன்றைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப்போனேன். பின்னால் வந்து நின்ற லாரியிலிருந்து ஓடிவந்த ஓட்டுநர் என் கையைப் பற்றி இழுத்தார். “திறக்காதீங்கண்ணா! முகமே வெந்துபோயிரும்” என்றார். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்து நிற்பது. அழுத்தத்தினால் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே பொங்கிப் பாயும். பெயரும் கேட்க மறந்த அந்தத் தம்பி என் கண்களைக் காப்பாற்றினார் என்றே கருதுகிறேன். முக்கால் மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, அவர் கொடுத்த நீரை நிரப்பி, மலை ஏறியபின்னும் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி நீர் வார்த்து, நள்ளிரவில் வீடு சேர்ந்தோம். வழி நெடுகிலும் தாயார் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு வசவைவிடக் கடுமையாக இருந்தது.

மறுநாள் எங்கள் தெருவில் வசிக்கும், அசோகபுரம் இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற சேலத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையைக் காட்டினார். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நீர்தான் சுமந்து வெளியேற்றுகிறது. அந்நீரை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்குமிடையே ஓயாமல் சுற்றிவரச் செய்வது பம்பு. அதன் உள்ளே நீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால், கசியும் நீர் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறுவதற்கென்றே அத்துளை வைக்கப்பட்டிருக்கிறது. அது ஓட்டையன்று, எச்சரிக்கை. “தம்பி, அது ஒரு மாசமா உன்னைக் கூப்பிட்டிருக்கு. நீ தண்ணிய ஊத்தி அதன் வாயை அடைச்சிருக்கே” என்றார் பெரியவர்.

பணிமனைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே மாற்றுவதென்று முடிவு செய்தோம். கை என்னுடையது, கண் அவருடையது. எஞ்சின் முற்றும் குளிர்ந்தபின் பாட்டரி இணைப்பைக் கழற்றினோம். ரேடியேட்டரின் அடிக்குழாயையும் எஞ்சினின் வடிகுழாயையும் திறந்து நீரை ஒரு தொட்டியில் பிடித்தோம். கூலண்ட் கலந்த நீர் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. ஆதலால் குழந்தைகளும் நாய்களும் அணுகாதபடி காக்கவேண்டும். பின்னர் ஹோஸ்களை நீக்கி, ரேடியேட்டரைத் தூக்கி எடுத்தோம். டைனமோவைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்து, டைனமோவையும் கழற்றினோம். அதன் பின் விசிறி, அதன் பின் கப்பி, இறுதியில் பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகள். குமாஸ்தா புத்தி ஒன்று இங்கே உதவியது. ஓர் அட்டையில் பம்பின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தேன். நீளம் மாறிய போல்ட் எஞ்சினையே கெடுத்துவிடும்.

புதிய பம்பைப் பூட்டி நீர் நிரப்பியபோது ஓரத்தில் துளித்துளியாகக் கசிந்தது. போல்ட்டை இன்னும் முறுக்கலாமே என்றேன். பெரியவர் ஒப்பவில்லை, அனைத்தையும் மறுபடி கழற்றச் சொன்னார். அடுத்த ஞாயிறும் அதற்கே சென்றது. பழைய கேஸ்கட்டின் நகக்கண் அளவுத் துணுக்கு ஒன்று எஞ்சினின் முகத்தில் ஒட்டியிருந்தது! அதைப் பதமாகச் சுரண்டி, புதிய கேஸ்கட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினோம். பெல்ட்டின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழும்படி இழுத்துக் கட்டினோம். மூடியைத் திறந்துவைத்தே குளிர்ந்த எஞ்சினை ஓட்டிக் காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை கூலண்ட் கலந்த நீரை நிரப்பினோம். இம்முறை ஒரு துளியும் கசியவில்லை.

சில நாள் கழித்து, 1979-இல் தொடங்கப்பெற்ற நம் ஊர் இரயில் அருங்காட்சியகத்திற்கு மகளை அழைத்துச் சென்றேன். பழைய நீராவி எஞ்சின்கள் அங்கே நிற்கின்றன. அத்தகைய எஞ்சின்களில் நெருப்புப் பெட்டியின் மேற்கூரையில் ஈய அடைப்பான் ஒன்றை வைப்பதுண்டு. கொதிகலனில் நீர் அளவுக்கு மேல் குறைந்தால் ஈயம் உருகி, ஆவி பாய்ந்து, ஓட்டுநரை எச்சரிக்கும். பம்பின் துளையும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். பொறியைச் செய்த அறிஞர்கள் நம் கவனக்குறைவையும் கணக்கில் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த குரலைக் கேட்பது நம் கடமை.

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மலை கடந்து ஊர் செல்லும் அன்பர்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியின் அடியில் ஈரம் உண்டா, பம்பின் கப்பி ஆடுகிறதா, பெல்ட் வெடித்திருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி பிடித்துப் பழக்கமில்லாதவர்களும், பம்பு டைமிங் பெல்ட்டோடு இணைந்த புதிய வண்டியுடையவர்களும் தேர்ந்த கைகளிடம் விடுவதே அறிவுடைமை. எவ்வாறாயினும் ஒன்றை மறவாதீர்கள்: நீர் ஊற்றுவது பழுது பார்த்ததாகாது.

சென்ற மாதம் மீண்டும் திம்பம் ஏறினோம். வெப்பமுள் நடுவிலேயே நின்றது. உச்சிக்கு வந்ததும் தாயார், “நிறுத்துப்பா, கொஞ்சம் காத்து வாங்கலாம்” என்றார். பங்குனிக்குப் பிறகு அந்த மலையைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுவே முதல் முறை.