பிரேக்கும் பாஸ்கல் விதியும்

ஒரு டன் எடையுள்ள கார் விரைந்து வருகிறது. ஓட்டுநர் காலால் மிதிக்கிறார், வண்டி நிற்கிறது. ஒரு காலின் விசைக்கு இவ்வளவு வலிமை எப்படி வந்தது? விடை நம் இயற்பியல் பாடத்திலேயே இருப்பதைக் கண்டு வியந்தேன். அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. மாஸ்டர் சிலிண்டரில் 3 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன்மீது 60 கிலோகிராம் விசை விழுவதாகக் கொள்வோம். பிரேக் எண்ணெயில் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். அதே அழுத்தம் சக்கரத்தருகே உள்ள 20 சதுர சென்டிமீட்டர் பிஸ்டனை 400 கிலோகிராம் விசையுடன் தள்ளும்.

அப்படியானால் அழுத்தம் கூடக் கூட நன்மைதானே என்று கேட்கத் தோன்றும். அதுதான் இல்லை! சக்கரம் உருளும்வரை டயர் சாலையைப் பற்றியிருக்கும். அழுத்தம் மிகுந்து சக்கரம் இறுகி நின்றுவிட்டால், டயர் சறுக்கத் தொடங்கும். நிலை உராய்வைவிட இயக்க உராய்வு குறைவு என்று படித்தோமல்லவா? அதனால், மழையில் நனைந்த தார்ச்சாலையில் வண்டி நிற்க அதிகத் தூரம் பிடிக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

ஆகவே அழுத்தத்தை உண்டாக்குவது போலவே அதை அடக்கி ஆள்வதும் இன்றியமையாதது. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்புறம் சாய்வதால் பின்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. எனவே பல கார்களில் பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தை ஒரு வால்வு மட்டுப்படுத்துகிறது. இதனினும் நுட்பமானது ஏ.பி.எஸ். பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் இடம்பெற்றது. சக்கரம் இறுகப்போவதை உணர்கருவி அறிவிக்க, வால்வுகள் அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் கூட்டுகின்றன. ஒரே வினாடியில் இது பலமுறை நிகழ்கிறது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் இது முழுமையாகக் கட்டாயமாயிற்று.

இக்கருவி வேலை செய்யும்போது காரின் பிரேக் மிதி காலடியில் அதிரும். பழுதென்று அஞ்சிக் காலை எடுக்கலாகாது. அழுத்திப் பிடித்தபடியே வண்டியைத் திருப்ப வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாத காரிலோ அவ்வேலை நம்முடையது: சக்கரம் இறுகினால் சற்றே தளர்த்தி, மீண்டும் அழுத்த வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். உயிர் காக்கும் பிரேக்குக்கும் அம்மொழி முற்றும் பொருந்தும்.