உதகையில் ஓர் உத்தியானவனம்

பங்குனி பிறந்துவிட்டால் களமருதூர்ப் பக்கத்தில் புங்க மரங்கள் புதுத்தளிர் விட்டுப் பூக்களை வழியெல்லாம் இறைக்கின்றன. இலுப்பை பூக்கிறது, வேம்பு பூக்கிறது. வசந்தத்தின் வருகையை அறிவிக்க நமக்கு இதைவிட வேறு கட்டியம் வேண்டியதில்லை. ஆனால் சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் இந்த வசந்தம் நமக்குப் போதாமற் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதுதான் தாமதம், மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்குப் புறப்பட்டு விடுகிறோம்.

இங்கிலாந்திலும் ஏறக்குறைய இதே மாதங்களில் ஜனங்கள் இவ்வாறு புறப்படுகிறார்கள். குளிர் விலகி, டாபடில் என்னும் மஞ்சள் மலர்கள் புல்வெளிகளில் தலைகாட்டியவுடன், நாட்டுப்புறத்திலுள்ள பழைய பிரபுக்களின் உத்தியானவனங்களைக் கண்டு களிப்பது அவர்கள் வழக்கம். அந்த வனங்களுக்கும் நம் உதகைத் தோட்டத்துக்கும் உள்ள உறவு சாமானியமானதன்று. அதை அறிந்துகொண்டு மலையேறினால், அங்கே காணும் பூக்கள் வேறொரு கதை சொல்லும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில் ஐரோப்பியப் பிரபுக்களின் தோட்டங்கள் கோலம் போட்டாற்போல் இருந்தன. நேரான பாதைகள், கத்தரித்த செடிகள், அளந்து வெட்டிய குளங்கள்! பிறகு இங்கிலாந்தில் ருசி மாறிற்று. மனிதன் கைபட்டதே தெரியாமல், இயற்கை தானே தீட்டிய சித்திரம்போல் தோட்டம் அமையவேண்டும் என்றார்கள். ஓடையை மறித்து ஏரியாக்கினார்கள். மேட்டைக் கரைத்துச் சரிவாக்கினார்கள். ஆடு மாடுகள் மாளிகைப் பக்கம் வராதிருக்க வேலி வேண்டும். அந்த வேலியோ கண்ணில் படக்கூடாது. ஆகவே பள்ளம் தோண்டி, அதற்குள் சுவரை ஒளித்து வைத்தார்கள். இந்தக் கலையில் பேர்போனவர் லான்ஸலாட் பிரௌன் (1716–1783). எந்தப் பிரபுவின் நிலத்தைப் பார்த்தாலும், 'இது நல்ல தகுதி வாய்ந்த இடம்' என்பாராம். தகுதி என்னும் பொருள்படும் 'கேபபிலிடி' என்ற சொல்லே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

இத்தனை அழகுக்கும் இடம் வேண்டுமே! டார்ஸெட் ஜில்லாவில் மில்டன் பிரபு என்பவர், தம் மாளிகையின் காட்சிக்கு இடைஞ்சல் என்று ஓர் ஊரையே இடித்துத் தள்ளிவிட்டு, 1780-ஆம் ஆண்டளவில் குடிகளைக் கண்ணுக்கு மறைவான பள்ளத்தாக்கில் குடியேற்றினார். பக்கிங்ஹாம் ஜில்லாவிலுள்ள ஸ்டோவ் என்னும் புகழ்பெற்ற வனத்தின் கதையும் அதுதான். பிரௌன் 1741-ல் தலைமைத் தோட்டக்காரராக அமர்ந்த இடம் அது. அங்கே முன்பு இருந்த கிராமம் மறைந்துபோய், அதன் கிறிஸ்தவ ஆலயம் மாத்திரம் மரங்களுக்கிடையே எஞ்சி நிற்கிறது. ஸ்டோவ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதற்குக் காரணம் உண்டு.

1848-ஆம் ஆண்டு ஒரு விசித்திரமான ஆண்டு. ஸ்டோவின் சொந்தக்காரரான இரண்டாவது பக்கிங்ஹாம் கோமான் கடனில் மூழ்கி, மாளிகையின் சாமான்களை 40 நாட்கள் ஏலம் போட நேர்ந்தது அந்த ஆண்டில்தான். ஜோஸப் ஹூக்கர் என்ற தாவர சாஸ்திரி நமது இமயமலைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். சிக்கிம் சாரலில் அவர் திரட்டியனுப்பிய ரோடோடெண்ட்ரான் விதைகள் கியூ தோட்டத்தில் முளைத்து, இங்கிலாந்து முழுதும் பரவின. இன்று வசந்தத்தில் அந்நாட்டு வனங்கள் சிவந்து விளங்குவதில் நம் இமயத்துப் பூக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் பார்க்கப் போகும் உதகைத் தோட்டத்தைச் சிருஷ்டித்த வில்லியம் கிரஹாம் மக்கைவர், கியூவில் பயின்றுவிட்டு நீலகிரிக்கு வந்து சேர்ந்ததும் அதே 1848-ல்தான்!

உதகைத் தோட்டத்தின் பூர்வீகம் காய்கறிப் பாத்தி என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1845-ல் அங்கே வசித்த வெள்ளைக்காரர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டுத் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளைப் பயிரிட்டார்கள். அந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. அதன்பின் மக்கைவர், தொட்டபெட்டாச் சிகரத்தின் அடிச்சரிவில், மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த நிலத்தைப் பத்தாண்டுக் காலம் பாடுபட்டுத் திருத்தினார். ஏறக்குறைய 7,400 அடி உயரத்தில், 55 ஏக்கர் விஸ்தீரணத்தில் அது இன்று விளங்குகிறது. மலர்க்காட்சி 1896 முதல் நடந்து வருகிறது.

உள்ளே நுழைந்து புல்தரையில் நின்று மேலே பாருங்கள். சுவர் தெரியாது. பாதை நேராகப் போகாமல் வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் புதிய காட்சி ஒன்று காத்திருக்கும். ஸ்டோவில் கற்ற அதே வித்தைதான் இங்கும். கீழ்த்தோட்டத்தில் 2 கோடி ஆண்டு வயதுடையது எனப்படும் கல்மரம் ஒன்றைக் கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள். நம் பக்கத்து விழுப்புரம் ஜில்லாவில், திருவக்கரையில், இத்தகைய கல்மரங்கள் வெட்டவெளியில் ஏராளமாகக் கிடக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

தோட்டத்தின் மேற்பகுதியை அடுத்து ராஜபவனம் இருக்கிறது. அதைக் கட்டுவித்தவர், ஏலம் போட்ட கோமானின் மகன், ஸ்டோவுக்கு வாரிசான மூன்றாவது பக்கிங்ஹாம் கோமான். 1875 முதல் 1880 வரை அவர் சென்னை கவர்னராக இருந்தார். தம் குடும்ப மாளிகையின் சாயலிலேயே இதை அமைத்தார் என்பர். அந்த ஐந்தாண்டுகளில் இங்கே கீழ்நாட்டில் நடந்தது என்ன? தாது வருஷப் பஞ்சம்! 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் அரைக் கோடிக்கு மேற்பட்டவர் மாண்டனர் என்பது மதிப்பீடு. எலும்பும் தோலுமான ஜனங்கள் பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னையில் கால்வாய் வெட்டினார்கள். அக்கால்வாய்க்குக் கவர்னரின் பெயரே சூட்டப்பட்டது. மரக்காணம் வரை வரும் பக்கிங்ஹாம் கால்வாய் அதுதான். மலையில் மாளிகை எழும்பியதும் கீழே மடுவில் மண் சுமந்ததும் ஒரே ஆட்சியின் இரு காட்சிகள்.

இன்னும் சற்று மேலே ஏறினால் தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. 1819-ல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் இம்மலைக்கு வந்தபோது, அது தோடர்கள் தங்கள் எருமைகளை மேய்த்த நிலம். நிலம் தோடர்களுக்கே உரியது என்று அவர் வாதாடினார், மேலதிகாரிகள் செவிசாய்க்கவில்லை. புல்வெளிகளின் பெரும்பகுதி சீமைச் சவுக்குக்கும் யூக்கலிப்டஸுக்கும் தேயிலைக்கும் இரையாயிற்று. எஞ்சிய சோலைகளில் காட்டுப் பூவரசு வசந்தம் வருமுன்னரே செக்கச்செவேலென்று பூக்கிறது. ஆங்கிலேயர் பணம் கொடுத்துப் பார்க்கும் ரோடோடெண்ட்ரானின் உடன்பிறப்பு அது!

ஆகையால் உதகைத் தோட்டத்தை வெறுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஸ்டோவ் வனம் 1989-ல் நேஷனல் டிரஸ்ட் என்னும் பொது ஸ்தாபனத்தின் பொறுப்பில் வந்தது. உதகைத் தோட்டமும் 1947-க்குப் பிறகு நம் சர்க்காருடையது, அதாவது நம்முடையது. மண்ணைச் சுமந்து அதை உருவாக்கிய கைகளும் நம்மவர் கைகளே. நம் சொத்தை நாம் பார்த்து மகிழ்வதில் தவறில்லை.

திரும்பி வரும்போது ஆத்தூரைத் தாண்டியதும் இடப்புறத்தில் கல்வராயன் மலை நீலமாய்த் தெரிகிறது. கடுக்காயும் புளியும் பலாவும் தரும் மலை. கோமுகி நதியின் பிறப்பிடம். மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைவித்து வாழும் மலை. 'இதையும் ஓர் ஊட்டியாக்கினால் என்ன?' என்று வண்டியில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. கூட்டம் தாங்காமல் உதகைக்கு 2024 முதல் அநுமதிச் சீட்டு வாங்கிப் போகவேண்டிய நிலைமை வந்திருப்பதை அவர் யோசிப்பதில்லை. வெள்ளிமலைக்கு நல்ல பாதை வரட்டும். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வரட்டும். ஆனால் காட்சிக்காக ஒரு குடிசையை நகர்த்த யாராவது திட்டம் கொண்டுவந்தால், ஸ்டோவில் தனியே நிற்கும் அந்த ஆலயத்தை அவருக்கு நினைவூட்டுங்கள்.