பழைய தளத்தின் மேல் புதிய தளம்



வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது என்றால் வெள்ளையடிப்பதோடு முற்றத்துக்கும் புதுத் தளம் போட நினைப்பது நம் ஊர் வழக்கம். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று வரிசையாக இருக்கும். வானவெளிக்கும் புறவாசலுக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும், அல்லது கருங்கல் பலகையும் பாவியிருப்பார்கள். பின்னர் சிமெண்ட் தளம் வந்தது. இப்போது பேவர் பிளாக் கற்கள் வந்துவிட்டன. பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுவிட்டால் கூலியும் மிச்சம், குப்பையும் இல்லை. அப்படிப் போடலாமா, போடக்கூடாதா? இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் இதிலுள்ள நன்மையைக் காண்போம். பல ஆண்டுகள் மிதிபட்ட பழைய தளம் நன்றாக இறுகியிருக்கும். அதனால் புதிய தளத்துக்கு அதுவே அஸ்திவாரமாக அமையும். ஆனால் அது உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இரும்புக் கம்பியால் அங்கங்கே தட்டிப் பார்த்தால், கெட்டியான இடம் ‘டங்’ என்றும், உள்ளே வெற்றிடம் உள்ள இடம் ‘பொத்’ என்றும் ஒலிக்கும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது தெரியும். பள்ளம் விழுந்த இடத்தையும் வெடித்த இடத்தையும் பெயர்த்து, ஜல்லியும் மண்ணும் இட்டுத் திமிசு போட்ட பிறகே மேல் வேலை தொடங்க வேண்டும். இல்லையேல் கீழே உள்ள வெடிப்பு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிந்ததும் மேலே வந்து எட்டிப் பார்க்கும்.

தளம் போடும் முறைகள் இரண்டு. சிமெண்ட் கலவையில் ஓடோ கல்லோ பதிப்பது ஒரு முறை. இதற்குப் பழைய தளத்தின் பாசியைத் தேய்த்துக் கழுவி, வழுவழுப்புப் போகும்படி உளியால் கொத்திவிட வேண்டும். பிறகு நனைத்துச் சிமெண்ட் பால் ஊற்றி, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்ந்த கலவையில் கல்லைப் பதிக்க வேண்டும். ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். மணலைப் பரப்பிப் பேவர் பிளாக் அடுக்குவது மற்றொரு முறை. கற்கள் நகராமலிருக்க நான்கு ஓரமும் வரம்பு கட்ட வேண்டும். கல் இடுக்கில் இறங்கும் மழைநீர் பழைய சிமெண்ட் தளத்தின் மேல் தங்கி மணலைச் சேறாக்கும். ஆகையால் பழைய தளத்தின் தாழ்ந்த பக்கத்தில் துளைகள் இட்டு, அவற்றில் சிறு ஜல்லி நிரப்ப வேண்டும்.

இனி நாம் கணக்குப் பாடத்துக்கு வருவோம். 60 மில்லிமீட்டர் கனமுள்ள கல்லும் 30 மில்லிமீட்டர் மணலும் சேர்ந்தால் 90 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 3½ அங்குலம். புறவாசல் நிலைப்படி இப்போது தரையிலிருந்து 6 அங்குல உயரம் என்று கொள்வோம். புதிய தளம் போட்டால் மீதி 2½ அங்குலம். மழைநீர் வடிய 60 அடிக்கு 1 அடி வீதம் வாட்டம் வேண்டும். 10 அடி அகல முற்றத்துக்கு அது 2 அங்குலம். பழைய தளத்தில் வாட்டம் இருந்தால் புதியதும் அதே வாட்டத்தில் அமையும். பழையது மட்டமாக இருந்தாலோ, வீட்டுப் பக்கம் இன்னும் 2 அங்குலம் உயர்த்த வேண்டும். நிலைப்படிக்கு மிஞ்சுவது அரை அங்குலமே! அத்தகைய வீட்டில் பழைய தளத்தைப் பெயர்த்தெடுப்பதுதான் முறை. கூலி மிச்சம் என்று மேலேயே போட்டால் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் அடுக்களைக்குள் நுழையும்.

உயரம் குறைந்த படி இன்னொரு தீங்கும் செய்யும். மற்றப் படிகள் 7 அங்குலமாக இருக்க, கடைசிப் படி மட்டும் 2½ அங்குலமானால், பழகிய காலோடு இறங்கும் பாட்டிமார் தடுமாறி விழ நேரும். தளம் சுவரோடு ஒட்டி ஈரத்தடுப்புப் பூச்சுக்கு மேலே ஏறினால், சுவர் நீரை உறிஞ்சி உப்புப் பூக்கும். வேப்பமரத்தின் அடியை முழுவதும் மூடினால் வேருக்கு நீர் இறங்காது. சுற்றிலும் மண் விட்டு வட்டம் கட்ட வேண்டும்.

இந்தப் பாடம் தெருவுக்கும் பொருந்தும். வீட்டின் அடித்தளம் சுற்றுத் தரையைவிட 45 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் விதி. பழைய சாலையின் மேலேயே ஒவ்வொரு முறையும் 3 அங்குலம் போட்டால் ஆறாவது முறையில் அந்த 45 செ.மீ.யும் தீர்ந்துவிடும். ஆகவேதான் 2021 மே மாதத்தில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய சாலை போடும்படி அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதும், தாமிரபரணி கரை புரண்டு நெல்லைத் தெருக்களில் புகுந்ததும் நமக்கு மறவா. அத்தகைய வெள்ளத்தை எந்த முற்றமும் தடுக்காது என்பது உண்மையே. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் மழையை வெளியே நிறுத்துவதும் உள்ளே விடுவதும் அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒரே வளவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நாம் வாழ்கிறோம். நம் முற்றம் உயர்ந்தால் அடுத்த வீட்டு முற்றம் பள்ளமாகும். நம் வீட்டு மழைநீர் அவர்கள் வாசலுக்குப் போகும். ஆதலால் கல்லின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னே, ரசமட்டத்தோடு கொத்தனாரை அழைத்து, பக்கத்து வீட்டாரையும் கலந்து, நீர் வாறுகாலுக்குப் போகும் வழியை முடிவு செய்ய வேண்டும்.

தோழியரே! அடுத்த முறை நம் வீட்டில் முற்றம் பாவும் பேச்சு எழும்போது, கையில் ஓர் அளவுகோலோடு நிலைப்படியருகே சென்று அளந்து, பெரியோரிடம் கணக்கை எடுத்துக் கூறுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி