தெரிந்தும் ஏன் விட்டுப்போகிறது?

இதய நோயாளிக்கு டிகாக்சின் என்ற மருந்தோடு நீர் மாத்திரையும் எழுதுவதுண்டு. பல நீர் மாத்திரைகள் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும். இதயச் செல்லில் பொட்டாசியமும் டிகாக்சினும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை. முன்னது குறைந்தால் பின்னது கூடுதலாக ஒட்டிக்கொள்ளும், துடிப்பு தாறுமாறாகும். டோஸ் மாறாமலே மருந்து நஞ்சாகிவிடும்.

இது டாக்டருக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் பொட்டாசியத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை விட்டுப்போகிறது?

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டாக்டர் கிளெமென்ட் மெக்டொனால்ட் இதை ஆராய்ந்து 1976இல் வெளியிட்டார். நோயாளியின் பதிவேட்டைக் கணினி அலசும்; ஒரு மருந்து இருக்கிறது, அதற்குரிய சோதனை இல்லை என்றால் குறிப்பு அச்சிடும். பெரிய மேதைமை எதுவும் இல்லை! குறிப்பு வந்தபோது 51 சதவீதத் தருணங்களில் டாக்டர்கள் செயல்பட்டார்கள்; வராதபோது 22 சதவீதம்தான். அறிவில் குறையில்லை, தகவல் குவியலில் கவனம் நழுவுகிறது என்பதே அவர் கண்டது.

இன்றைய தொல்லை நேர்மாறானது. அற்ப விஷயத்துக்கெல்லாம் திரை எச்சரித்தால், டாக்டர் படிக்காமலே மூடிவிடுகிறார். அதனால், ஆபத்தானவை மட்டும் வேலையை இடைமறிக்கும்படி அமைக்கிறார்கள்; மற்றவை ஓரமாக நிற்கும்.