கல்லீரல் புற்றுநோயும் வெளியூர்ச் சாட்சியமும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் நெய்யப்படும் பாண்டேஜ் துணி, பாரத தேசத்து ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமன்றிக் கடல் கடந்த நாடுகளின் ரணசிகிச்சைச் சாலைகளுக்கும் செல்லுகிறது. வயிற்றைத் திறந்து ஈரலின் கெட்ட பாகத்தை அகற்றும் அந்நிய நாட்டு வைத்தியர் ஒருவர் உதிரத்தை ஒற்றியெடுக்கும் துணி, நமது ஜில்லா நெசவாளியின் தறியில் பிறந்ததாக இருக்கக்கூடும். அவ்வாறு அகற்றிய ஈரல் துண்டுகளிலிருந்து மேல்நாட்டாரும் சீனரும் இன்று ஒரு புதிய சாஸ்திரத்தை வாசித்து வருகிறார்கள். அந்தச் சாஸ்திரத்தில் மேற்சொன்ன நெசவாளியின் ஈரலைப் பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறதா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

2022ஆம் வருஷத்தில் உலகத்தில் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் சுமார் 8,66,000 பேர். அவ்வருஷம் அந்நோயால் மாண்டவர்கள் சுமார் 7,58,000 பேர். வந்தவர் தொகையும் போனவர் தொகையும் இவ்வளவு அருகருகே நிற்கும் நோய்கள் மிகச் சில. ஈரல் வாய்விட்டு அழாத உறுப்பு. மஞ்சட்காமாலைக் கிருமிகளான பி, சி வகைகள் வருஷக்கணக்காக அரித்தாலும், சாராயம் சுருக்கினாலும், கொழுப்பு அடைத்தாலும், பூஞ்சணம் பிடித்த கடலையிலும் சோளத்திலும் உள்ள விஷம் தாக்கினாலும், அது கடைசி வரையில் வேலை செய்துகொண்டே இருக்கும். நோய் வெளிப்படும்போது குடும்பத்தார் வைத்தியரைக் கேட்பது ஒரே கேள்வி: பிழைப்பாரா? மில் தொழிலாளி ஒருவரின் வீட்டில் இது வெறும் துக்கக் கேள்வி அன்று. இருக்கும் ஒரு குழி நிலத்தையும் மனைவியின் தாலிச் சரட்டையும் விற்று மதுரைக்கோ சென்னைக்கோ போகலாமா, அல்லது அவற்றைக் குழந்தைகளுக்கு மிச்சம் வைக்கலாமா என்னும் கேள்வி.

நமது பழைய வைத்தியர்கள் நோயைச் சாத்தியம், கஷ்டசாத்தியம், அசாத்தியம் என்று பிரித்துச் சொன்ன பிறகே மருந்துப் பையை அவிழ்த்தார்கள். நவீன வைத்தியர்களும் அதையே செய்கிறார்கள். கட்டி எவ்வளவு பெரிது, எத்தனை, எஞ்சிய ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது, நோயாளியின் தேகபலம் என்ன என்று எடை போடுகிறார்கள். 1960களில் ரஷ்ய விஞ்ஞானிகள் கண்டறிந்த ஆல்பா பீட்டோபுரோட்டீன் என்னும் ரத்தப் பொருளையும் அளக்கிறார்கள். ஆயினும் ஒரே அளவுக் கட்டியுடைய இருவரில் ஒருவர் அறுவைக்குப் பின் பல வருஷம் வாழ்கிறார். மற்றவருக்கோ வருஷம் முடிவதற்குள் நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? கட்டியின் உருவத்தைப் பார்த்தது போதாது, அதன் உள்ளெழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது புதிய சாஸ்திரத்தின் விடை.

உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில், நான்கே எழுத்துக்களால், தேகத்தின் சகல கட்டளைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வெழுத்துக்களில் ஒன்று சைட்டோசின். அதையடுத்துக் குவானின் என்னும் எழுத்து வருமிடங்களில், ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு துணுக்கு ஒட்டிக்கொள்ள முடியும். மனிதனுடைய டி.என்.ஏ.யில் இத்தகைய இடங்கள் ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். ஒரு கட்டளையின் முகப்பில் மெத்தில் அடர்ந்து ஒட்டினால் எழுத்து மாறுவதில்லை. ஆனால் அக்கட்டளை பேசாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜில்லாக் கோர்ட்டுக்குப் போய்வரும் நேயர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அமீனா பூட்டிச் சீல் வைத்த கடையில் சரக்கெல்லாம் அப்படியே இருக்கும், வியாபாரம் மட்டும் நடக்காது. ஆரோக்கியமான உடலில் இந்தச் சீல் வைப்பு ஒழுங்காக நடக்கிறது. புற்றுநோயிலோ பூட்ட வேண்டிய கடைகள் திறந்து கிடக்கின்றன, திறந்திருக்க வேண்டியவை பூட்டப்படுகின்றன. 1983ல் அமெரிக்காவில் பைன்பர்க், வோகல்ஸ்டைன் என்னும் இருவர் புற்றுக்கட்டிகளில் மெத்தில் குறைந்திருப்பதை எடுத்துக்காட்டினார்கள். ஈரல் புற்றில், அணுப் பெருக்கத்துக்குக் கடிவாளமாகிய பி16 போன்ற மரபணுக்கள் பலரிடத்தில் மெத்திலால் வாயடைக்கப்பட்டிருப்பது பின்னர் தெரியவந்தது.

இந்த மெத்தில் எங்கிருந்து வருகிறது? நாம் உண்ணும் கீரை, பயறு முதலியவற்றின் போலிக் அமிலமும் மெதியோனினும் சேர்ந்து தரும் முதலைக் கொண்டு, தேகத்துக்கு வேண்டிய மெத்தில் சரக்கின் பெரும்பாகத்தைத் தயாரிக்கும் பட்டறை கல்லீரலே. (போலிக் அமிலத்தை 1940களில் செயற்கையாக ஆக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் அணிந்ததற்காகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்தவர் என்பதை நம் இளைஞர்கள் மறக்கலாகாது.) மது அந்தப் பட்டறையிலேயே கைவைக்கிறது. போலிக் அமிலத்தின் வரவையும் கெடுக்கிறது, மெத்தில் தயாரிப்பையும் கெடுக்கிறது. 1937ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948 அக்டோபர் 2ல் மாகாணம் முழுவதும் பரவியது. மறு வருஷம் பிரதமரான ராஜபாளையம் பி. எஸ். குமாரசுவாமி ராஜா அதைக் கட்டிக்காத்தார். 1971ல் அது தளர்த்தப்பட்டது; 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. குமாரசுவாமி ராஜாவின் ஊரில், ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியை வழிமறித்து நிற்பது சர்க்கார் கடை. அதன் கணக்கு கஜானாவில் ஒரு விதமாகவும் ஈரலில் வேறு விதமாகவும் பதிவாகிறது.

இனி, அந்தப் பதிவை வாசித்தவர்கள் சொல்லுவதைக் கேட்போம். 2015ல் ஐரோப்பிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 304 ஈரல் கட்டிகளைச் சோதித்து, 36 இடங்களில் மெத்தில் நிலையைப் பார்த்தாலே அறுவைக்குப் பின் யார் நெடுநாள் இருப்பார், யார் இரார் என்று பிரித்துச் சொல்லக்கூடும் என்று வெளியிட்டார்கள். 2017ல் சீன ஆராய்ச்சியாளர்கள் முதன்மையாக நின்ற ஒரு குழு 1,098 நோயாளிகளையும் 835 ஆரோக்கியமானவர்களையும் எடுத்துக்கொண்டு, கட்டியைத் தொடாமல் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளின் மெத்திலைக் கொண்டே நோயைக் கண்டறியவும் 8 குறிகளால் அதன் போக்கை முன்னறியவும் முயன்றது. அபார முயற்சிகள், சந்தேகமில்லை.

ஆயினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணையின்றி ஏற்பது நியாயஸ்தல வழக்கமன்று. முதல் சாட்சி பேசுவது அறுவைக்குத் தகுதியுள்ள நிலையில் வந்தவர்களைப் பற்றி. நம்மவரில் பலர் அந்த நிலையைக் கடந்த பிறகே பெரிய ஆஸ்பத்திரியை எட்டுகிறார்கள். இரண்டாம் சாட்சி கண்ட ஜனங்களிடையே ஈரல் புற்றுக்குத் தலையாய காரணம் பி கிருமி. நமது நாட்டிலோ பி கிருமியோடு மதுவும் நீரிழிவுக் கொழுப்பும் கலந்து நிற்கின்றன. காரணம் வேறானால் சீல் விழும் கடைகளும் வேறாகலாம். அங்கே நெடுநாள் வாழ்வார் என்று பொருள்படும் குறி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடியானவரிடத்திலும் அவ்வாறே பொருள்படும் என்று யார் ஜாமீன் கொடுப்பது?

இதைச் சுதேச அபிமானத்தால் மட்டும் சொல்லுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். நமது கீழாநெல்லிக்கும் இதே விசாரணை நடந்திருக்கிறது. 1988ல் சென்னைச் சர்வகலாசாலையைச் சேர்ந்த தியாகராஜனும் அவருடைய சகாக்களும், பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க்கும் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றும், போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்றும் கண்டார்கள். நம் நெஞ்சு நிமிர்ந்தது. தாய்லாந்து முதலிய இடங்களில் பரிசோதித்தபோது அப்பலன் கிட்டவில்லை. நம் மருந்தை அவர்கள் தங்கள் ஜனங்களிடத்தில் சோதித்து அறிந்தது நியாயம். அவர்களுடைய குறிகளை நம் ஜனங்களிடத்தில் சோதியாமல் நாம் விலை கொடுத்து வாங்குவது எப்படி நியாயமாகும்?

சோதிப்பதற்கு வேண்டிய சாதனங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியது. 2012 முதல் மாகாணம் முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு வைக்கும் வேலை நடக்கிறது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரிலும் 2022ல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அறுவையிலும் ஊசியாலும் எடுக்கும் ஈரல் துண்டுகளை, நோயாளிக்குப் புரியும் தமிழில் எழுதிய சம்மதப் பத்திரத்துடன் பத்திரப்படுத்தி, அவர் பின்னர் எவ்வாறு இருந்தார் என்பதைப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தால், நம் ஜனங்களுக்குரிய குறிகள் எவை என்பது சில வருஷங்களில் தெரிந்துவிடும். அதுவரையில் இத்தகைய பரிசோதனைகளை ஏழைகளின் தலையில் கட்டுவது தர்மமன்று.

காத்திருக்க வேண்டாத காரியமும் ஒன்றுண்டு. 2022ல் இந்தியாவில் பி கிருமியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் குழந்தைகளுக்குப் போடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இக்கிருமிக்குரிய காப்பும் அடங்கியிருக்கிறது. இன்று தறியிலும் வயலிலும் நிற்கும் தலைமுறையில் பெரும்பாலோர் அந்தக் காப்பில்லாமல் வளர்ந்தவர்கள். 2018ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கிருமி கண்டவர்களிலும் ஈரல் சுருங்கியவர்களிலும் அபாயம் மிகுந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ஸ்கேன் எடுத்தால், கட்டி சிறிதாயிருக்கும்போதே அகப்படும். மில் சங்கங்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் அங்கத்தினரை வாசலிலேயே பரிசோதனைக்கு நிறுத்த எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதிகளின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் மந்திரியை இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்த ஜில்லாவில் 2011க்கு முன் பிறந்தவர்களில் எத்தனை பேருக்குப் பி கிருமிப் பரிசோதனை நடந்திருக்கிறது? இவ்வூர் நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈரல் துண்டுகள் எந்த ஆஸ்பத்திரியில், எந்த நிலையில் இருக்கின்றன?